உன் அம்மா பெயரில் நான் எழுதிய பதில்கள்

பிரபு,

ஏழுமலை மாமா போன வெள்ளிக்கிழமை பாகூரிலிருந்து கடைக்கு வந்திருந்தார். அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம் என்றும், அது முடிந்ததும் நீயும் அந்தப் பெண்ணும் சேர்ந்து சென்னையில் சொந்தமாக ஒரு சலூன் தொடங்கப் போகிறீர்கள் என்றும் சொன்னார். சலூனை விட, இணையத்தில் பொருள் விற்பதைத்தான் பெரிதாகச் செய்யப் போகிறீர்களாம். நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் இதையெல்லாம் சொன்னார். கடைக்கு 'செல்வி' என்று உன் அம்மா பெயரை வைக்க நினைக்கிறாயாம். அதில் எனக்கு ஏதாவது ஆட்சேபம் உண்டா என்று கேட்டு வரச் சொன்னாயாம். "நீயே கேளேன்டான்னு சொன்னேன் மச்சான். நீங்களே கேட்டுடுங்க மாமான்னுட்டான்" என்றார். நான் முடியை வெட்டி முடித்தேன். துண்டை உதறும்போது, "நானே அவனுக்கு எழுதறேன்னு சொல்லு" என்றேன்.

போனில் பேசினால் பாதியில் நான் வைத்துவிடுவேன், இல்லாவிட்டால் உனக்குக் கோபம் வரும். அதனால்தான் எழுதுகிறேன். சரி என்றோ வேண்டாம் என்றோ ஒரு வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் பெயரை நீ பலகையில் எழுதுவதற்கு முன்னால், அந்தப் பெயரை நான் என்ன செய்தேன் என்பது உனக்குத் தெரிய வேண்டும். உனக்குப் பாதிதான் தெரியும். அந்தப் பாதிக்கே நீ வீட்டை விட்டுப் போனாய்.

ஊரடங்கில் கடையைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, இணையத்தில் விற்கலாம் என்று சொன்னவன் நீதான். மடுகரையில் சலூன் வைத்திருப்பவனிடம் எவன் கூரியரில் சீப்பு வாங்குவான் என்று நான் சிரித்தேன். நீ சண்டை போடவில்லை. திருபுவனை கம்பெனிகளில் வேலை பார்க்கும் பையன்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் நம் கடைக்கு வருவார்களே, அவர்களுடைய நம்பர்களைச் சேர்த்து வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கினாய். தாடிக்கு எண்ணெய், மரச்சீப்பு, ட்ரிம்மர், பொடுகு ஷாம்பூ என்று நாலே பொருள். நான் கையில் எடுத்துப் பயன்படுத்திப் பார்க்காத எதையும் விற்கக்கூடாது என்று ஒரு விதி வைத்தாய். ஒருவன் ஷாம்பூ கேட்டால் உடனே அனுப்பமாட்டாய். போர் தண்ணியிலா குளிக்கிறீங்க, ஹெல்மெட் போடறீங்களா என்று நாலு கேள்வி கேட்பாய். பாட்டில் தீர்ந்திருக்கும் என்று உனக்குத் தோன்றும் சமயத்தில், 'எப்படி இருந்தது' என்று ஒரு செய்தி போடுவாய். சொந்தக் கழுத்தை ஒருவன் தானே எப்படிச் சவரம் செய்துகொள்வது என்று என்னை வைத்து ஒரு வீடியோ எடுத்தாய். அதைப் பார்த்துவிட்டு, எனக்குப் பேர் கூடத் தெரியாத ஊர்களிலிருந்து ஆட்கள் கேட்டார்கள்.

அம்மாவின் எண்ணெய் அதற்குப் பிறகுதான் வந்தது. கறிவேப்பிலையும் செம்பருத்தியும் கரிசலாங்கண்ணியும் போட்டு அவள் வீட்டுக்குக் காய்ச்சுவதை, நீதான் விற்பனைக்குக் கொண்டுவந்தாய். பாட்டில் படத்துக்குக் கீழே நீ எழுதியது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. 'எங்கள் வீட்டில் தேய்க்கிற எண்ணெய். முடி வறண்டு போகாமல் பார்த்துக்கொள்ளும்.' அவ்வளவுதான். இப்படி எழுதினால் எவன் வாங்குவான், கொட்டுன முடி மொளைக்கும்னு எழுதுடா என்று நான் கத்தினேன். "மொளைக்காதுபா" என்றாய் நீ. அன்றைக்கு அந்த ஒரு வார்த்தையை நான் கேட்டிருக்க வேண்டும். நீ செய்தது மெதுவாக வளர்ந்தது. ஆனால் ஒரு தடவை வாங்கியவர்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள். எனக்கு அது வளர்ச்சியாகவே தெரியவில்லை. வில்லியனூரில் ஒருத்தன் ஒரே மாதத்தில் நூறு நூறு பெட்டியாக அனுப்புகிறான் என்று கேள்விப்பட்டு, உன்னைக் கையாலாகாதவன் என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல் வாடிக்கையாளர்கள் முன்னால் சொல்லவும் சொன்னேன். நீ ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டே அதைக் கேட்டுக்கொண்டிருந்தாய்.

அதற்குள் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போய்விட்டது. புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றத் தொடங்கிய மூன்றாவது வாரம் முடி கொத்துக் கொத்தாகத் தலையணையில் உதிர ஆரம்பித்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, கடை விடுமுறை நாள், அவளே கடைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "தெனம் கொஞ்சம் கொஞ்சமா போறத பாக்க முடியலய்யா. ஒரேயடியா எடுத்துடு" என்றாள். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நான்தான் எடுத்தேன். ஆயிரம் தலைக்கு மொட்டை அடித்த நான், அன்றைக்கு அவள் காதுக்குப் பக்கத்தில் வரும்போது கத்தியை இரண்டு தடவை கீழே வைத்து எடுத்தேன். முடிந்ததும் கண்ணாடியில் தன்னைப் பார்த்துச் சிரித்தாள். "ஒரு போட்டோ எடுத்து வெய்யி. வளந்தப்புறம் பாத்து சிரிக்கலாம்" என்றாள். எடுத்தேன். மருந்து நின்று பல மாதம் கழித்து, கழுத்து வரைக்கும் முடி வளர்ந்ததும், அதே நாற்காலியில் உட்கார்ந்து ஒரு முழம் மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு இன்னொரு போட்டோ எடுத்துக்கொண்டாள். அந்த இரண்டு படமும் அவள் பார்த்துச் சிரிப்பதற்காக எடுத்தவை. வேறு எதற்காகவும் இல்லை.

நீ ஏதோ பயிற்சி என்று சென்னைக்குப் போயிருந்த இரண்டு நாளில்தான் நான் அதைச் செய்தேன். வில்லியனூரில் ஃபிளெக்ஸ் போர்டு அடிக்கிற கடையில் அந்த இரண்டு படத்தையும் கொடுத்து ஒன்றாகச் சேர்க்கச் சொன்னேன். மேலே 'எங்கள் வீட்டிலேயே நடந்தது' என்று எழுதச் சொன்னேன். நோயைப் பற்றி ஒரு வரி கிடையாது. மருந்து நின்றால் முடி தானாக வளரும் என்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் எங்கள் இரண்டு பேருக்கும் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். தெரிந்தேதான் செய்தேன். அவள் தலையில் அந்த எண்ணெயைத் தேய்த்தது உண்மைதானே, பொய் எங்கே இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ திரும்பி வந்தபோது பாட்டில் பற்றாமல் போயிருந்தது. போனைப் பார்த்துக்கொண்டே கேட்டாய்.

"இன்னாபா இது? அம்மாகிட்ட கேட்டியா?"

"கேட்டேன்டா. அவதான் போடச் சொன்னா."

நான் கேட்கவில்லை, பிரபு. உனக்கு இது தெரியாது. நான் சொன்னதை நம்பித்தான் நீ அந்தப் படத்தை அப்படியே விட்டுவைத்தாய். பிறகு, வாங்குகிறவர்கள் என்ன எழுதுகிறார்கள் என்று நீ கவனித்தாய். அந்த மொட்டைத்தலை எதனால் என்று அதே நோய் பட்டவர்களுக்குப் பார்த்ததுமே தெரிந்திருக்கிறது. என் பெண்ணுக்கு நாலாவது ஊசி முடிந்தது, எப்போது தேய்க்கலாம் என்று ஒருத்தர். கீமோ போய்க்கொண்டிருக்கிறது, ஒரே நேரத்தில் இரண்டு பாட்டில் தேய்த்தால் சீக்கிரம் வருமா என்று ஒருத்தர். நீ படத்தை எடுத்தாய். நான் மறுபடி போடச் சொன்னேன். கடை என் பேரில் இருக்கிறது என்று சொன்னேன். "அப்போ கடைய நீயே வெச்சிக்கபா" என்று பாஸ்வேர்டை ஒரு காகிதத்தில் எழுதி, கண்ணாடிக்கு முன்னால் வைத்துவிட்டு நீ பஸ் ஏறினாய். அன்றைக்கே படத்தை நான் மறுபடி போட்டேன். உனக்குத் தெரிந்த பாதி இத்துடன் முடிகிறது.

நீ போன பிறகுதான் அம்மாவுக்கு விஷயம் தெரிந்தது. வில்லியனூர் பஸ் நிறுத்தத்தில் யாரோ ஒரு பெண் அவளையே உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்க அந்த எண்ணெக்கார அக்காதானே" என்று போனை எடுத்துக் காட்டியிருக்கிறாள். வீட்டுக்கு வந்து பையைக் கீழே வைத்துவிட்டு, "இன்னாயா, என் மொட்டத்தலைய ஊருக்கே காமிச்சிட்டியா" என்றாள். அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நான் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன். நான் வியாபாரம், நிலைமை என்று ஏதேதோ சொன்னேன். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சரி, அந்தக் கடை போன எங்கிட்ட குடு. மூஞ்சி என்னுதுதானே. கேக்கறவங்களுக்கு நானே பதில் சொல்றேன்" என்றாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. படத்தில் இருக்கிறவளே பேசினால் வியாபாரம் இரண்டு மடங்காகும் என்று கணக்குப் போட்டேன்.

அவள் நன்றாகப் பேசினாள். நீ கேட்கிற நாலு கேள்வியை அவள் எட்டாகக் கேட்பாள். யாருக்கு எந்தச் சீப்பு, எந்தத் தலைக்கு வாரத்துக்கு எத்தனை தடவை ஷாம்பூ என்று அவளுக்கு அத்துப்படி. கடைக்குப் பின்னால் லேபிள் ஒட்டுகிற அறையில் உட்கார்ந்து, காதுக்கும் தோளுக்கும் நடுவே போனைச் சாய்த்துக்கொண்டு பேசிக்கொண்டே இருப்பாள். ஆனால் ஒன்று புரியவில்லை. சீப்பும் ஷாம்பூவும் போயின, எண்ணெய் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. ஒரு நாள் ஒருவருக்கு முகத்தில் சோப்பு போட்டுவிட்டு, கத்தியில் புது பிளேடு மாற்ற நின்றேன். அறைக்கும் கடைக்கும் நடுவில் பலகைத் தடுப்புதான். அவள் பேசுவது தெளிவாகக் கேட்டது.

"மருந்து ஏத்தறத நிறுத்துனா தானா வளரும் ஜெயந்தி. எனக்கும் அப்பிடித்தான் வளந்துச்சு. எண்ணெயால இல்ல. தலை எரிஞ்சா டாக்டரக் கேட்டுட்டு, வூட்ல இருக்கற தேங்கெண்ணெய தடவு, போதும். இத வாங்காத. சாப்ட்டியா நீ? வாய்ப்புண்ணு ஆறிச்சா?"

ஜெயந்தி என்பது விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் ஒரு அங்கன்வாடி டீச்சர். அம்மாவுக்கு வந்த அதே நோய். அம்மா அவளிடம் அநேகமாக தினமும் பேசிக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஜெயந்தி போல இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள். எண்ணெய் கேட்டு வந்தவர்களை எல்லாம் அவள் வேண்டாம் என்று சொல்லித் திருப்பிவிட்டு, பேச்சை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறாள். வந்தவருக்குச் சவரத்தை முடித்து அனுப்பிவிட்டு உள்ளே போனேன். என்ன சொன்னேன் என்று முழுவதும் எழுத எனக்குக் கை வரவில்லை. வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு வியாபாரத்துக்குக் குழி பறிக்கிறாய் என்றேன். அதை விட மோசமாகவும் சொன்னேன். அவள் கையிலிருந்து போனைப் பிடுங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அவள் விரல் நுனிகளில் லேபிள் பசை இருந்தது. அதைத் தேய்த்து உருட்டிக்கொண்டே, "அவங்கல்லாம் எண்ணெக்காகவா போன் பண்றாங்கன்னு நெனச்ச?" என்று கேட்டாள். அம்மா ஏன் கடை போனை எடுப்பதில்லை என்று நீ ஒரு தடவை கேட்டாய். அவளுக்கு முடியவில்லை என்று சொன்னேன். அப்போது அவள் நன்றாகத்தான் இருந்தாள்.

மறுநாளிலிருந்து செய்திகள் வந்தன. 'அக்கா ஏன் எடுக்கல.' 'அக்கா உடம்புக்கு ஏதாவதா.' ஜெயந்திதான் நிறைய எழுதினாள். முதல் இரண்டு நாள் பதில் போடாமல் இருந்தேன். மூன்றாவது நாள் எழுதினேன். உன் அம்மா எழுதுவது போலவே எழுதினேன், பிரபு. 'வேலை ஜாஸ்தி ஜெயந்தி, இனிமே பேச முடியாது, எழுதறேன்.' அப்புறம், 'நான் யோசிச்சு பாத்தேன், எனக்கு எண்ணெயும் உதவிச்சுன்னு தோணுது. நீயும் தேய்ச்சு பாரு. மூணு மாசம் விடாம தேய்க்கணும்.' அவள் உடனே மூன்று பாட்டில் கேட்டாள். அவளைப் போல மற்றவர்களுக்கும் அதையே அனுப்பினேன். பெயர் இருக்கிற இடத்தில் செல்வி என்று போட்டேன். ஒரு பொய் சொல்கிறவனுக்குக் கொஞ்சமாவது கூச்சம் இருக்கும். ஆறேழு தடவை எழுதிய பிறகு எனக்கு அதுவும் இல்லை. அவளுடைய 'சாப்ட்டியா' வரைக்கும் எடுத்துப் பயன்படுத்தினேன்.

அதற்குப் பிறகு நோய் திரும்பி வந்தது உனக்குத் தெரியும். இந்தத் தடவை முதுகெலும்பில். நீ வந்து வந்து போனாய், என்னிடம் பேசாமல் அவளுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டுப் போனாய். நீ இல்லாத நாட்களில் அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தால் வலியைப் பற்றிப் பேசமாட்டாள். அதே வலி பட்டவர்களிடம்தான் அதைப் பேச முடியும் போல. அந்த நாலைந்து பேரும் கடை போனோடு என் சட்டைப்பைக்குள் இருந்தார்கள், அவர்கள் நம்பர் அவளிடம் வேறெங்கும் இல்லை. ஒரு நாள் மத்தியானம், நான் அவளுக்கு முதுகு துடைத்துக்கொண்டிருந்தபோது திரும்பாமலே கேட்டாள்.

"ஜெயந்தி பேசுச்சா?"

"இல்ல செல்வி. நல்லா இருக்காங்க போல. அதான் கூப்டல."

"ம். நல்லா இருந்தா சரி."

அன்றைக்குக் காலையில்தான் ஜெயந்தி எழுதியிருந்தாள். 'அக்கா ஒரே ஒரு தடவை உங்க குரல கேக்கணும்' என்று. போனை எடுத்து அவள் காதில் வைக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஆனால் இரண்டு பேரும் பேசினால் நான் எழுதியதெல்லாம் வெளியே வந்துவிடும். ஒரு மாதம் கழித்து அம்மா போய்விட்டாள். அவளுக்கும் ஜெயந்திக்கும் நான் செய்தது யாருக்கும் தெரியாமல் அப்படியே இருந்தது.

உன் அம்மாவுக்குக் கருமாதி முடிந்த பிறகும் நான் எழுதுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவள் இல்லை என்று சொல்ல வேண்டும், அவள் இல்லை என்று சொன்னால் அந்தப் படத்தை எப்படி வைத்திருப்பது? அப்படித்தான் முதலில் நினைத்தேன். இன்னொன்றும் உண்டு. அதை நீ நம்புவாயா என்று தெரியவில்லை. செல்வி என்று எழுதி ஒருத்தருக்குப் பதில் போடும்போது, எங்கோ ஒரு வீட்டில் அவள் உயிரோடு இருந்தாள். அந்த நாலைந்து வீட்டிலும் அவளுக்குக் காரியம் நடக்கவில்லை. இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. இருந்ததைச் சொல்கிறேன்.

எட்டு மாதம் அப்படிப் போயிற்று. ஒரு சனிக்கிழமை மத்தியானம், கடையில் மூன்று பேர் காத்திருக்கும்போது, ஜெயந்தி நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. அவள் வழக்கமாக எழுதத்தான் செய்வாள். எடுத்தேன். ஆண் குரல்.

"சார், செல்வி அக்கா இருக்காங்களா? நான் ஜெயந்தி வூட்டுக்காரன் பேசறேன். ஜெயந்தி தவறிட்டா, பதினாறு நாளாச்சு. அக்காகிட்ட நேரா ஒண்ணு கேக்கச் சொல்லிட்டுப் போனா."

கத்தரிக்கோலை மேஜையில் வைத்துவிட்டுப் பின் அறைக்குப் போனேன். எங்கிட்ட சொல்லுங்க, நான் அவ வூட்டுக்காரன்தான் என்றேன். அவர் சொன்னார். "மொதல்ல பேசும்போது இத வாங்காதன்னு சொன்னாங்களாம். அப்புறம் வாங்கச் சொன்னாங்களாம். ஏன் அக்கா மாத்திச் சொன்னாங்கன்னு தெரியலயேன்னு கடைசி வரைக்கும் சொல்லிட்டே இருந்தா சார். கோவமெல்லாம் இல்ல. அக்கா அப்பிடி இல்லயேன்னுதான். நீ கேளுன்னு சொன்னா."

அந்த இடத்தில் இன்னும் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. எதனாலோ சொல்ல முடியவில்லை. "அவ இல்லைங்க. எட்டு மாசமாச்சு" என்றேன். அந்தப் பக்கம் ஏதோ சமையல் பாத்திரம் உருளும் சத்தமும், ஒரு பெண் குழந்தை அப்பா என்று கூப்பிடும் சத்தமும் கேட்டன. பிறகு அவர் கேட்டார், "அப்போ இத்தினி நாளா எழுதுனது யாரு சார்?" நான்தான் என்றேன். மாத்திச் சொன்னதும் நான்தான், அவ கடைசி வரைக்கும் வாங்காதன்னுதான் சொன்னா என்றேன். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். "இத அவகிட்ட யாரு சார் சொல்றது" என்று மட்டும் கேட்டார். போன் நின்றது. வெளியே காத்திருந்த மூன்று பேரிடமும் இன்றைக்கு முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டு ஷட்டரை இறக்கினேன்.

அந்தப் படத்தை அன்றைக்கே எடுத்துவிட்டேன். செல்வி என்று யார் யாருக்கெல்லாம் எழுதினேனோ அவர்களுக்கெல்லாம் என் பெயரைப் போட்டு, நடந்ததை நடந்தபடி எழுதினேன். சிலர் வாயில் வரக்கூடாத வார்த்தையில் திட்டினார்கள். நிறையப் பேர் பதிலே போடவில்லை. பதில் போடாத நம்பர்களில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. விருத்தாசலத்துக்கு நேரில் போகலாம் என்று ஒரு செவ்வாய்க்கிழமை கிளம்பினேன். பண்ருட்டி வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தேன். அந்த வீட்டு வாசலில் போய் நிற்பது அவருக்கு ஆறுதலா எனக்கு ஆறுதலா என்று யோசித்தேன், எனக்குத்தான் என்று பட்டது. எண்ணெய் இப்போது விற்பதில்லை. இணையத்தில் மாதத்துக்கு நாலைந்து சீப்பு போகிறது, அவ்வளவுதான். கடையில் முடி வெட்டுகிற வேலை மட்டும் நடக்கிறது.

நீ தொடங்கப்போகிற வியாபாரத்துக்கு அப்பன் சொல்லும் புத்தி என்று ஒன்று எழுத எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் பட்டதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. நீ முன்பு செய்தபடியே செய். கையில் எடுத்துப் பார்த்ததை மட்டும் விற்றுக்கொள். ஒரு முகத்தைப் போடுவதற்கு முன்னால் அந்த முகத்துக்காரரிடம் கேள், கேட்டேன் என்று யாராவது சொன்னால் நம்பாதே, நீயே போய்க் கேள். நோயோடு ஒருத்தர் வந்து கேட்டால், விற்பதை அந்த இடத்தில் நிறுத்திவிட்டுப் பேசு. நேரம் இருந்தால் கொஞ்சம் அதிகமாகப் பேசு. உன் கடைப் பெயரில் யார் பதில் எழுதினாலும் எழுதுகிறவர் பெயர் அடியில் இருக்கட்டும், உன் மனைவி எழுதினால் அவள் பெயர், நீ எழுதினால் உன் பெயர். மெதுவாகத்தான் வளரும். யாராவது உன்னைக் கையாலாகாதவன் என்று சொன்னால், ஒருத்தன் முன்னால் அப்படிச் சொன்னான், அவன் கதை இப்படி ஆயிற்று என்று நினைத்துக்கொள்.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். ஆட்சேபம் சொல்ல நான் யார்? அந்தப் பெயருக்கு நீதான் வாரிசு, நான் இல்லை. ஆனால் விருத்தாசலம் பக்கத்தில் ஒருத்தி, செல்வி அக்கா என்னை ஏமாற்றிவிட்டாளோ என்ற சந்தேகத்தோடு போய்ச் சேர்ந்தாள். அந்தப் பெயரை நீ வைத்தால், இதையும் தெரிந்துகொண்டுதான் வைக்க வேண்டும். நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணிடமும் சொல்லிவிட்டு வை. வேண்டாம் என்று நீங்கள் முடிவு செய்தாலும் எனக்குப் புரியும்.

கல்யாணத்துக்கு நான் வரலாமா என்று நீ இன்னும் மாமாவிடம் சொல்லி அனுப்பவில்லை. இதைப் படித்த பிறகு சொல்லி அனுப்பாமலே இருந்துவிடலாம், நான் தப்பாக நினைக்கமாட்டேன். நம் வீடுகளில் மாப்பிள்ளைக்கு அப்பனோ மாமனோதான் சவரம் செய்து முடி திருத்துவது வழக்கம். மாமாவுக்குக் கை வராது, வெளி ஆளைத்தான் கூப்பிடுவாய். உன் பின்கழுத்தில் இடது பக்கமாக ஒரு சுழி இருக்கிறது, உனக்கே தெரியாது, யாரும் தன் பின்கழுத்தைப் பார்ப்பதில்லை. அந்த இடத்தில் மெஷினை மேல்நோக்கி ஓட்டினால் தோல் சிவந்து தடித்துவிடும், மாலை போட்டால் எரியும். மேலிருந்து கீழே, கத்தரிக்கோலால் மட்டும் எடுக்கச் சொல்.

அப்பா